ஓர் இலையைக்கூட விட்டுவைக்காதவர்

என் அண்ணன் மனைவி ஆஸ்பத்திரியில் பெருக்கும் வேலை பார்க்கிறார். அங்கே எல்லாருக்கும் அவர் பளிச்சக்கா.

முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய மரம் இருந்தது. உள்ளே படுத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் அதன் நிழலில்தான் காத்துக் கிடப்பார்கள். கவலையோடு வந்து உட்காருகிறவர்களுக்கு இடமாவது சுத்தமாக இருக்கட்டும் என்பது அண்ணியின் வைராக்கியம். விடியும்போதே வந்து, உதிர்ந்த இலையெல்லாம் கூட்டிச் சுவர் மூலையில் கொளுத்திவிடுவார். புகை மேலே போகும். சாம்பலைக் குப்பை வண்டி கொண்டுபோகும். மரத்தடி வழவழவென்று கிடக்கும்.

"உங்க அண்ணிய விட்டா மரத்துல இருக்கிற இலையையும் துடைச்சு வச்சிரும்" என்று வாசல் காவலாளி என்னிடம் கிண்டல் செய்வார். ஆண்டவன் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறார் என்று எனக்கும் பெருமைதான்.

பிறகு மரம் வெளிறியது. நுனிக் கிளைகள் காய்ந்தன. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. மேலாளரிடம் கெஞ்சி யூரியா வாங்கி, வேரடியில் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார். இலை கரும்பச்சையாகத் துளிர்த்ததும் கண்ணீரோடு கும்பிட்டார். மழை வந்தது. மண்ணில் தங்காத உரமெல்லாம் கரைந்து பின்பக்கக் குட்டைக்கு ஓடியது. குட்டையில் பாசி மூடி, மீன்கள் செத்து மிதந்தன. மரமும் அடுத்த கோடையில் பழையபடி காய்ந்தது.

கிளை முறிந்து யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று மரம் அறுப்பவரை வரவழைத்தார்கள். அன்று அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். அண்ணி அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, எப்படியாவது பொழைக்க வைக்க முடியாதா?"

அவர் கடப்பாரையால் மண்ணைக் குத்தினார். கல்லில் பட்டதுபோல் சத்தம் கேட்டது.

"ஒரு புழுகூட இல்லையேம்மா. உதிர்ந்த இலையெல்லாம் எங்க போச்சு?"

"கூட்டி எரிச்சிருவேண்ணே. ஒண்ணுகூட விடமாட்டேன். காயுதேன்னு யூரியாகூட அள்ளி அள்ளிப் போட்டேன்."

"அது குப்பை இல்லம்மா, மரத்தோட சோறு. இலை மக்கி மண்ணுக்குப் போவும், மண்ணுலேருந்து திரும்ப வேருக்கு வரும். நீங்க தினம் தட்டைப் பிடுங்கிட்டுக் கடைசில ஊசி போட்டிருக்கீங்க. அதுவும் அளவு மீறிப்போய் வேரு வெந்து கிடக்கு."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்லயும் கொளுத்தத்தாம்மா செய்றோம். இதை இனிமே வைக்க முடியாது. விடுங்க."

அண்ணி விலகி நின்றார்.

இப்போது காத்திருப்பவர்கள் சுவரோரத்து நிழலில் ஒண்டிக்கொள்கிறார்கள். வெயில் ஏற ஏற அந்த நிழலும் குறுகிவிடும். புதுக் கன்று நட்டிருக்கிறார்கள். அது முழங்கால் உயரம்கூட வரவில்லை.

ஒருநாள் ஜபம் முடிந்தும் அண்ணி எழுந்திருக்கவில்லை. என்ன அண்ணி என்று கேட்டேன்.

"தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருன்னு கேக்கலாம்னு பாக்குறேன். வாய் வரமாட்டேங்குதுடி. எனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலைன்னு நெனச்சில்ல செஞ்சேன்."