லவோன் வீட்டுப் புல்வெளி

எங்கள் தெரு ஓக் மரங்கள் ஒருமுறை கொட்டிய இலையில் தபால்காரரே புதைந்துபோய், கிறிஸ்துமஸுக்குத்தான் வெளியே எடுத்தோம். சரி, தபால்காரர் இல்லை, அவருடைய தொப்பி. ஆனால் எதிர்வீட்டு லவோன் க்ரூகர் விஷயத்தில் நான் எதையும் ஊதிச் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தாள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் மரம் சீக்கிரத்தில் இலையை விடாது. மற்ற மரங்களெல்லாம் மொட்டையான பிறகு, நவம்பர் முழுக்க, சாவகாசமாக உதிர்க்கும். லவோன் தினமும் இலை கூட்டும் மூங்கில் வாரியோடு இறங்குவாள். எங்கள் வீட்டு இலை காற்றில் அவள் புல்லுக்குப் போனால், விடியுமுன் அதை அப்படியே வாரி எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். கேட்டால், உங்க பிள்ளைங்க வழி தெரியாம வந்துட்டாங்க, கொண்டுவந்து விட்டேன் என்பாள்.

ஒரு வசந்தத்தில் சமையலறையில் வழுக்கி விழுந்தாள். டென்வரில் இருந்த மகன் டுவெய்ன் பறந்து வந்து, முதியோர் இல்லம் பார்த்தாயிற்று, கிளம்பு என்றான். அவள் அசையவில்லை.

"இந்த மரம் கொட்டறதை என் கையால வாரற வரைக்கும் இது என் வீடு. என்னைக்குப் புல்லு மேல இலை கிடக்குதோ, அன்னைக்கு வந்து தூக்கிட்டுப் போ."

டுவெய்ன் ஒத்துக்கொண்டான். புல்லைக் கவனித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்த இலையுதிர் காலம் முழுக்க நான் திரைச்சீலையை விலக்கினால் அவள் வாரியை ஊன்றி நிமிர்ந்து, "என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு நான் பாஸா?" என்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்தக் கேலி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை டுவெய்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை அள்ளிக்கொண்டு போயிருப்பான்.

மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை தெருவே காலியாகிவிடும். ஆண்கள் காட்டுக்கு, பெண்கள் கடைக்கு. நானும் மகளோடு போயிருந்தேன். சாயங்காலம் திரும்பியபோது லவோன் வீட்டுப் புல் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. நகராட்சி வண்டிக்காக இலையெல்லாம் தெருவோரம் கரை கட்டியிருந்தது. கிழவி பலே ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டுவெய்ன் போன் செய்தான்.

"அம்மா போனை எடுக்கலை. ராத்திரியும் எடுக்கலை."

சர்ச் விருந்துக்குப் பாத்திரம் கழுவப் போயிருப்பாள் என்றேன்.

"புல்லு?"

"ஒரு இலை இல்ல, தம்பி. உங்கம்மா நம்மையெல்லாம் புதைச்சிட்டுத்தான் போவா."

அவன் சிரித்துவிட்டு வைத்தான்.

திங்கட்கிழமை மரம் மறுபடி கொட்டியிருந்தது. மத்தியானமாகியும் யாரும் வாரவில்லை. என்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன். நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தாள். பீச் பழம் ஊறப்போட்ட ஜாடி எடுக்க வெள்ளிக்கிழமை இறங்கியிருக்கிறாள்.

புல்லை வாரியது யார் என்பது அடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் சர்ச் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் ஒரு வழக்கம் உண்டு. வயதானவர்கள் வீட்டுக்கு ஓசைப்படாமல் போய் இலையை வாரிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் ஓடிவிட வேண்டும். செய்ததை வெளியே சொல்லக் கூடாது. லவோன் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அந்த வருஷம் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. விழுந்த நொடியிலேயே லவோனுக்கு உயிர் போய்விட்டது, சனிக்கிழமை அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். டுவெய்னுக்கு அது ஆறுதலாக இருந்தது. நானும் இத்தனை வருஷமாக இந்தக் கதையை அங்கேதான் முடிக்கிறேன்.

இதுவரை எழுதியதை என் மருமகன் ரோஜருக்கு வாசித்துக் காட்டினேன். அவனும் எங்கள் சர்ச்சில் வளர்ந்தவன். அன்று வாரப் போன பிள்ளைகளில் ஒருவன். கடைசி வரி முடிந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"இல்ல, அத்தை. சனிக்கிழமை உயிரோடதான் இருந்தாங்க. நாங்க வாரி முடிக்கற நேரம், நிலவறை ஜன்னல் வழியா யாரோ குழாயைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. விடாம தட்டினாங்க. நம்மளைப் பாத்துட்டாங்கடான்னு சிரிச்சுக்கிட்டே ஓடிட்டோம்."