பாலம் ஏற வேண்டிய சைக்கிள்

தையல் ஆலையில் அவரை எல்லோரும் 'எண்ணெய் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் நீள மூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் குப்பி ஒன்றை வைத்திருப்பார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கூடத்தின் நூற்று நாற்பது தையல் இயந்திரங்களும் அவர் பொறுப்பு. அதில் ஒன்று வறண்டு ஓடினாலும், கூடத்தின் மறுகோடியில் இருக்கும் அவர் காது கண்டுபிடித்துவிடும். சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போய், நாலு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி வந்து உட்காருவார்.

அவருடைய வலது முட்டி மட்டும் இந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படவில்லை. உள்ளே ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனிமேல் சைக்கிளில் மேடு ஏறுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

"அதுக்கு உள்ள எண்ணெய் மாதிரி எதையாவது விட முடியாதுங்களா?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் சிரித்தார். இவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் எஞ்சின் ஆசை வந்தது. ஒருநாள் சிக்னலில் கிடங்குக் காவலாளி ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். பச்சை விழுந்ததும் அவர் மிதிக்கவே இல்லை. சைக்கிள் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு தானாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே இவர் தன் மனைவியின் தம்பியிடம் போய் நின்றார். தம்பி மெயின் ரோட்டில் பைக் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

"மாமா, அது பொழுது போகாதவங்க செய்யற வேலை. எஞ்சின் தனியாப் பெட்டியில வரும். நாமதான் மாட்டணும். நட்டு ஒண்ணு தப்பினாலும் உயிரை வாங்கிடும்" என்றான் அவன்.

"எனக்கும் ஞாயித்துக்கிழமை பொழுது போகலைதான் மாப்ளே."

பெட்டி வந்தது. முன்னறையில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். தேங்காய் அளவில் ஓர் எஞ்சின், சின்ன டேங்க், ஒரு நீளச் செயின், பின் சக்கரத்தில் பூட்ட ஒரு பெரிய பல்சக்கரம். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருந்ததை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"உங்களுக்குன்னே பொறந்திருக்கு" என்றாள் அவள். "ஆக மொத்தம், இனிமே இந்த ரூம்ல மனுஷங்க உட்கார முடியாது."

உட்கார முடியவில்லைதான். எட்டு மாதம், ஞாயிறுதோறும் அதே வேலை. பல்சக்கரத்தைச் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்து ஒன்பது போல்ட்டால் இறுக்க வேண்டும். நூலிழை கோணினாலும் செயின் கழன்றுவிடும். அவர் சைக்கிள் சட்டத்தில் ஊசி ஒன்றைக் கட்டி, அதன் முனை பல்லைத் தொடாமலும் விலகாமலும் சக்கரம் முழுச் சுற்று வரும்வரை ஒன்பது போல்ட்டையும் மாற்றி மாற்றித் திருகினார். மனைவி சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி, "சுத்திச் சுத்தி எனக்குத்தான் தலை சுத்துது" என்பாள். இருந்தாலும் எழுந்து போகமாட்டாள்.

தம்பி வந்து பார்த்து அசந்துபோனான். "என் கடையில கூட இவ்வளவு நேரா உட்காராது மாமா" என்றான். கிளம்பும்போது எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த வட்ட மூடியைத் தட்டிக் காட்டினான். "எதை வேணாலும் கழட்டுங்க. இதை மட்டும் தொடாதீங்க. இது கம்பெனி போட்டு அனுப்பினது."

ஏன் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

விளையாட்டாக இருந்த வேலை, ஆலையில் அறிவிப்பு ஒட்டிய நாளன்று விளையாட்டாக இல்லாமல் போயிற்று. ஆலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாறுகிறது. முதல் தேதி, திங்கட்கிழமை, புது இடத்தில் காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். இல்லாதவர்கள் வேலை வேண்டாம் என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்திலிருந்து போகும் முதல் பஸ் அங்கே சேரும்போது ஏழே முக்கால். நடுவில் இருப்பது பாலம். பாலத்துக்கு ஏறும் மேடு அரை மைல்.

"என்னங்க செய்யறது?" என்றாள் மனைவி.

அவர் சைக்கிளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அந்த அறையைப் பற்றிப் புலம்புவதை விட்டுவிட்டாள்.

முதல் தேதிக்கு முந்தைய ஞாயிறு மதியம் எஞ்சின் முதல்முறையாகப் பற்றிக்கொண்டது. தெருவில் மிதித்து வேகம் பிடித்து, கிளட்ச்சை விட்டதும் அது தும்மி, இருமி, பிறகு ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது. அவர் அப்படியே பாலம்வரை போனார். மேட்டில் ஏறினார். முட்டி சும்மா இருந்தது. ஐம்பத்திரண்டு வயது உடம்பு ஒரு வேலையும் செய்யாமல் ஆற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து வாசலில் நிறுத்தியபோது முகமெல்லாம் பல்.

"அழுதீங்களா?" என்றாள் மனைவி.

"காத்து. கண்ணுல அடிச்சிடுச்சு."

அதோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு முக்கியமான நாள். இருபத்தாறு வருஷத்தில் மூடியைத் திறந்து பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் அவர் வேலைக்கு அனுப்பியதில்லை. சாயங்காலம் வட்ட மூடியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே ஒரு சக்கரம். அதில் வட்டமாகப் பதித்த சின்னச் சின்னக் கட்டைகள். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாவிங்க, பட்டினி போட்டு அனுப்பியிருக்கானுங்க" என்றார்.

குப்பியை எடுத்தார். கட்டைக்கு நாலு சொட்டு. ஒன்றையும் விடாமல், இயந்திரத்துக்கு நோகாதபடி பார்த்துப் பார்த்து விட்டார். வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியைப் பூட்டினார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார். எஞ்சின் நேற்றைப்போலத் தும்மவில்லை, மெத்தென்று பற்றியது. "பார்த்தியா, எண்ணெய் பேசுது" என்றார் மனைவியிடம். சமதரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

பாலத்து மேட்டில் கால்வாசி ஏறியதும் எஞ்சின் கத்தத் தொடங்கியது. கத்தக் கத்த வேகம் குறைந்தது. ஆக்சிலேட்டரை இன்னும் திருகினார். எஞ்சின் அலறியது, சக்கரம் நின்றுவிட்டது. ஏதோ கருகும் நாற்றம் வந்தது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. பிளக்கைத் துடைத்தார், டேங்கை ஆட்டினார், செயினைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. சூப்பர்வைசருக்குப் போன் அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்திருக்கலாமே என்று மனைவி பிறகு கேட்டாள். அது அவருக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதம் கூட இருந்ததை நடு மேட்டில் விட்டுப் போக அவருக்குத் தெரியாது. தள்ளினார். பத்தடிக்கு ஒருமுறை நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். முதல் பஸ்ஸும் அவரைத் தாண்டிப் போயிற்று.

புது ஆலையின் கேட்டை அடைந்தபோது மணி எட்டு. சூப்பர்வைசர் வெளியே வந்தார். நல்ல மனிதர்தான்.

"அண்ணே, ரெண்டு தடவை உங்க பேரைக் கூப்பிட்டேன். ஏழு இருபதுவரை பேனாவை மூடாம வச்சிருந்தேன்."

"வண்டி மக்கர் பண்ணிடுச்சு சார்."

"லிஸ்ட் மேல போயிடுச்சு அண்ணே. இனி என் கையில இல்ல." அவர் சைக்கிளைப் பார்த்தார். "நீங்களே மாட்டினதா? நல்லா இருக்கு."

கேட்டுக்குள் எங்கோ ஓர் இயந்திரம் வறண்டு ஓடியது. இவர் அதைச் சொல்ல வாயெடுத்தார்; சூப்பர்வைசர் அதற்குள் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து, வட்ட மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டான். கருப்பாக வழுக்கிய விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுக்குள்ள எண்ணெய் விட்டது யாரு மாமா? இது கிளட்ச். காஞ்ச கட்டை பிடிச்சாத்தான் சக்கரம் சுத்தும்."

மனைவியின் பார்வை அவர் சட்டைப் பைக்குப் போயிற்று. உடனே வேறு பக்கம் திரும்பியது.

"தப்பு என்மேலதான். நான் அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருக்கணும்" என்றான் தம்பி. "ஒண்ணும் கெட்டுப்போகலை. கட்டையை மாத்திட்டா ஓடும். பாலம் என்ன, மலையே ஏறும்."

"ஏறும்" என்றார் அவர். "ஏறி எங்க போகச் சொல்றே மாப்ளே?"

தம்பி திருகுகளை ஒவ்வொன்றாக மாட்டி மூடியைப் பூட்டினான்.

சைக்கிள் இன்னும் முன்னறையில்தான் நிற்கிறது. மனைவி பக்கவாட்டில் ஒதுங்கித்தான் சமையலறைக்குப் போகிறாள். ஹேண்டிலில் ஈரத் துண்டைக் காயப்போடுகிறாள். வாசல் கதவு பத்து நாளாகக் கிறீச்சிடுகிறது. அவர் காதில் அது விழாமல் இருக்காது. இன்னும் எழுந்து போகவில்லை.