பனியன் துணி கட்டிய ராஜா

"துணி தைக்கற ஊருல பொறந்துட்டு, துணியோட வரலாற்றைப் படிக்கக் காலேஜுக்குப் போனியா கண்ணு? அதுல படிக்க என்ன இருக்குது?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் பனியன் கம்பெனியின் மேனேஜர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் இடுப்பைப் பார்த்தேன். வேட்டி கட்டியிருந்தார். கட்டவில்லை, ஒட்டியிருந்தார், வெல்க்ரோ வேட்டி.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்காக, அந்தக் காலம் முதல் இன்றுவரை உடை மாறிய கதையை ஷோரூம் பொம்மைகளுக்கு உடுத்திக் காட்டச் சொன்னார் முதலாளி. சரியாக வந்தால் எனக்கு டிசைன் பிரிவில் இடம். அதற்காகத்தானே படித்தேன்.

ராஜா பொம்மைக்குத் தறியில் நெய்த துணி வேண்டும், நெசவு ஊரான சாமளாபுரத்தில் வாங்கி வருகிறேன் என்றேன்.

"குடோன்ல பனியன் துணி மலையாட்டக் கெடக்குது. வெளிய போய் வாங்கறதா?" என்றார் மேனேஜர்.

"அதுல கொசுவம் நிக்காதுங்க. அந்தக் காலத்துல இந்தத் துணியே இல்லீங்க."

"ராஜா வந்து கம்ப்ளைண்ட் பண்ணப் போறாராக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாவின் வேட்டி ஓரத்துக்கு, பனியனுக்குப் போடும் ஓவர்லாக் தையல் அடித்தார்கள். ராணியின் ரவிக்கைக்கு டி-சர்ட் கழுத்து. தைக்காத துணியைச் சுற்றி உடுத்தியவர்களை மிஷினில் ஓட்டி எடுத்தார்கள். பனியனுக்கு முன்னால் மனிதன் அம்மணமாகத் திரிந்தான் என்பதே இவர்களுக்குத் தெரிந்த வரலாறு.

அந்த அம்மா வந்தபோது ராஜாவின் வேட்டி தொய்ந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் இழுத்துப் பார்த்தார். "உங்கள் ராஜா தூங்கப் போகிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேனேஜர் உடனே என்னைக் கைகாட்டினார். "காலேஜுல படிச்ச புள்ளதானுங்க செஞ்சுது."

முதலாளி என்னை முறைத்தார். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. நான் அந்த அம்மாவிடம் அவருடைய மொழியிலேயே, துணி யார் முடிவு என்பதையும் எது சரியான உடை என்பதையும் சொன்னேன். நெய்த துணியில் நீயே உடுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டு அவர் தன் கார்டை என்னிடம் நீட்டினார்.

மாலையில் மேனேஜரிடமிருந்து போன். "ஏனுங்க, அந்தம்மா நாளைக்கும் வர்றாங்களாமா. சாமளாபுரத்துல துணி கெடைக்குங்களா?" 'கண்ணு' காணாமல் போயிருந்தது.

"கெடைக்குதுங்க. உங்களுக்கில்லீங்க," என்றேன்.

அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்த என் ராஜினாமாவை அவர் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்த அம்மாவுக்கு நானே உடுத்திக் காட்ட, என் எதிரே சாமளாபுரத்துத் தறிக்காரர் என் பெயருக்குத் துணியைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தார்.