ஸ்காட்லாந்துக்காரர் ஷூ போடும் முறை

ஸ்காட்லாந்தை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. அந்த நாட்டின் பண்பாட்டை ஒரு முழு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் டச்சுக்காரர்கள். பள்ளி இருந்தது ஜெர்மனியில். நடத்தியவன் கும்பகோணத்துக்காரன். இதில் யாரையாவது குற்றம் சொல்லியே தீரவேண்டும் என்றால் கடைசி ஆளைச் சொல்லலாம்.

1. வேலை

அறுபதுகளின் கடைசி. என் மனைவி சுலோச்சனாவுக்கு ஹனோவரில் ரசாயன ஆராய்ச்சி. எனக்கு, அவளுக்குக் கணவனாக இருக்கும் உத்தியோகம். காலையில் அவள் லேபுக்குப் போவாள். நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்த கையால் உருளைக்கிழங்கு உரிப்பேன். ஒரு வருடம் உரித்தேன். மாமனார் ஒவ்வொரு கடிதத்திலும் ‘மாப்பிள்ளைக்கு ஏதாவது அமைந்ததா?’ என்று மறக்காமல் விசாரித்தார்.

ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு மணி நேரத் தொலைவில் டச்சு ராணுவ முகாம் ஒன்று இருந்தது. சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி. ஆங்கில ஆசிரியர் தேவை என்றார்கள், போனேன். தலைமையாசிரியர் ஆறரை அடி உயரம். உட்கார்ந்தபடியே என் சான்றிதழ்களைக் குனிந்து பார்த்தார். (பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நம் பேச்சில் தருகிறேன்.)

“ஸ்காட்டிஷ் மிஷன் காலேஜா? ஸ்காட்லாந்துக்காரங்களோட பழகியிருக்கீங்களா?”

“நாலு வருஷம்.”

“ரொம்ப நல்லது. பக்கத்து பிரிட்டிஷ் முகாம்ல இப்ப ஸ்காட்லாந்துப் படை வந்திருக்கு. மே மாசம் குடும்பத்தோட நம்ம பள்ளிக்கு வர்றாங்க. அவங்க ஊர் வழக்கத்தை நம்ம பிள்ளைங்க மேடையில செஞ்சு காட்டணும். நீங்க தயார் பண்ணுங்க. விழா முடிஞ்சதும் உங்களை வெச்சுக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்.”

நான் நாலு வருடம் பழகியது சென்னையில், எங்களுக்கு ஆங்கிலமும் எடுத்த ஹாஸ்டல் வார்டன் என்ற ஒரே ஒரு ஸ்காட்லாந்துக்காரரோடு. இதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு டச்சுக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

2. பாடம்

ப்ளூரல் நடத்துவது சுலபமாக இருந்தது. டச்சில் பன்மைக்குப் பெரும்பாலும் கடைசியில் ‘அன்’ போட்டால் போதும். ஆங்கிலத்திலும் சில்ட்ரன், ஆக்ஸன் உண்டு என்றதும் பிள்ளைகள் சொந்தக்காரர்களைக் கண்டது போல் மகிழ்ந்து, புக்கன், ஹவுசன் என்று எழுதித் தள்ளினார்கள். சிவப்பு மை செலவானது. ஷீப்பில்தான் தகராறு. அனெக்கே என்ற பன்னிரண்டு வயதுப் பெண் கையைத் தூக்கினாள்.

“மெனேர்,” என்றாள். டச்சில் சாருக்கு அதுதான். “ஒண்ணுன்னாலும் ஷீப், நூறுன்னாலும் ஷீப். ஒண்ணு தொலைஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“எண்ணிப் பாப்பாங்க.”

“ஸ்காட்லாந்துல நீங்க எண்ணியிருக்கீங்களா?”

“அங்க எண்ணி முடியாதும்மா” என்றேன். முதல் சறுக்கல். அதன் பிறகு தரை வரும்வரை சறுக்கல்தான்.

பாடப்புத்தகத்தில் இருந்த ஸ்காட்லாந்து இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டது. கில்ட் பாவாடை, பேக்பைப், மலை, மழை. மே மாதம் வரை மழையை நடத்த முடியாது. ஆகவே வார்டனை எடுத்தேன்.

வார்டனிடம் ஒரு சடங்கு உண்டு. ஷூ போடும் முன் அதைக் கவிழ்த்துப் பிடித்துத் தரையில் மூன்று தட்டுத் தட்டுவார். ஒரு நாளும் தவறாது. எங்களுக்கு அது புதுமை. அந்த நாளில் எங்கள் ஹாஸ்டலில் ஷூ வைத்திருந்தவர் அவர் ஒருவரே, நாங்களெல்லாம் செருப்பு. ஒரு தரம் காரணம் கேட்டேன். “எங்க அப்பா செய்வார், நானும் செய்யறேன்” என்றார். பரம்பரை வழக்கம் என்று அன்றே முடிவுகட்டியிருந்தேன்.

வகுப்பில் அதற்கு வியாக்கியானமும் சேர்த்தேன். முதல் தட்டு தூசிக்கு, இரண்டாவது சோம்பலுக்கு, மூன்றாவது முன்னோருக்கு. பிள்ளைகள் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கே மெய்சிலிர்த்தது.

வார்டன் காலையில் ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டுச் சாப்பிடுவார். அதைச் சொல்லாமல் விட்டுவிடவில்லை, திருத்திச் சொன்னேன். உப்புக் கஞ்சி எங்கள் ஊர் வழக்கம், சமையல்காரர் அவரைக் கெடுத்துவிட்டார், ஸ்காட்லாந்தில் நிச்சயம் சர்க்கரைதான் என்றேன். ஆராய்ச்சியாளனின் கவனம்!

3. விழா

மே மாதம் வந்தது. ஷூவை விட டச்சு மரக்காலணி கம்பீரமாக இருக்கும் என்பது தலைமையாசிரியரின் யோசனை. முப்பது பிள்ளைகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்காலணியைக் கவிழ்த்து, பலகைத் தரையில் மூன்று முறை தட்டினார்கள். பின்வரிசையில் கைக்குழந்தைகள் அலறின. முன்வரிசையில் இருந்த சார்ஜென்ட் ஒருவர் பாதி எழுந்துவிட்டார்.

அனெக்கே முன்னால் வந்து, “இது உங்க முன்னோருக்கு எங்க மரியாதை” என்றாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. சார்ஜென்ட் கரகரத்த குரலில், “ரொம்ப நல்லாருக்கு பாப்பா. ஆனா இது எங்க வழக்கம் இல்லையே” என்றார்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். என் கண் முன்னால் உருளைக்கிழங்குகள் வரிசையாக வந்தன.

“ஒரு நிமிஷம்,” என்றார் சார்ஜென்ட். “எங்க தாத்தா இப்படித் தட்டுவார். பட்டாளத்துல இந்தியாவுல இருந்தவர். ஊருக்குத் திரும்பியும் சாகிற வரைக்கும் தட்டினார். ஷூக்குள்ள தேள் இருக்குமாம்!”

வார்டனின் அப்பா முப்பது வருடம் நாக்பூரில் ரயில்வேயில் இருந்தவர் என்பது எனக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. ஏன் அதற்கு முன்னால் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

“ஸ்காட்லாந்துல தேள் உண்டா?” என்றார் தலைமையாசிரியர்.

“கிடையாது” என்றார் சார்ஜென்ட்.

“நீங்க ஸ்காட்லாந்துல எந்த ஊர்ல இருந்தீங்க, மிஸ்டர் வைத்தியநாதன்?” என்று என்னைக் கேட்டார் தலைமையாசிரியர்.

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆனால் முப்பது பிள்ளைகள் கையில் மரக்காலணியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் அங்க போனதே இல்லை. எல்லாம் மெட்ராஸ்ல ஒருத்தரைப் பாத்துச் சொன்னது. பிள்ளைங்க மேல தப்பு இல்லை” என்றேன்.

அனெக்கே விடவில்லை. “அப்ப மெனேர், கஞ்சிக்குச் சர்க்கரையும் தப்பா?”

“சர்க்கரையா?” சார்ஜென்ட் இந்த முறை முழுவதுமாக எழுந்தார். “உப்பு! சர்க்கரை போட்டா எங்கம்மா வீட்டை விட்டே துரத்திடுவா!”

“உப்பு மெனேரோட ஊர் வழக்கமாம்.”

“அப்படியா? அப்ப அவர் எங்க ஆளு!” என்று மேடையேறி என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி மூன்று தட்டுத் தட்டி, “தாத்தாவுக்கு” என்றார். கைதட்டலில் அரங்கம் இடிந்தது.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “நீங்க இனிமே ஸ்காட்லாந்து நடத்தக் கூடாது.”

“சரி.”

“ப்ளூரல் நல்லா நடத்தறீங்க. கேட்டதும் பிள்ளைங்க முன்னாடியே ஒத்துக்கிட்டீங்க. செப்டம்பர்லேருந்து நிரந்தரம்.”

பாராட்டும் திட்டும் டச்சுக்காரர்களுக்கு ஒரே சுருதிதான். வீடு வந்து சேரும்வரை இரண்டில் எது அதிகம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிற நாட்டு வழக்கம் எதையும் கற்பிக்கும் முன், அதன் தேள் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். விசாரிக்காமல் நடத்திவிட்டால், யாராவது கேட்டவுடனே ஒத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சுலோச்சனா லேப் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். மூன்று தட்டு உட்பட. நிரந்தரம் என்ற இடத்தில் அவள் தலை நிமிர்ந்தாள்.

“கங்கிராட்ஸ். அப்பாவுக்கு நாளைக்கே எழுதிடறேன்,” என்றாள். “ஆமா, உங்களுக்கு இங்கிலீஷும் அந்த வார்டன்தானே சொல்லிக்கொடுத்தார்? அதை இதுவரைக்கும் யாராவது செக் பண்ணியிருக்காங்களா?”