ஒரு முகவரிக்கு ஒன்று

உட்துறைமுக வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அசனாவோடு சண்டை பிடிக்காத ஆளைக் காண்பது கடினம். அவளது சீதன வீட்டின் முன்னறைதான் கடை. கொம்பியூட்டர் திருத்துவாள், பழையது வாங்குவாள், புதியது விற்பாள். முற்பணம் வைக்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றமாட்டாள். "கீபோர்ட்டுக்குள்ள பிளேன் டீ ஊத்தினது நீங்க, கோவம் என்னோடயா?" என்று வந்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பாள். வெளியே எறியும் அட்டைப்பெட்டிகளை மென்று தின்ன வரும், ஊருக்குள் திரியும் மான்களுக்கும் அதே ஏச்சுத்தான்.

கிண்ணியாக்காரப் புருஷன் கத்தாருக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோது, அவன் தொடங்கிய கடையை மூடச் சொன்னார்கள். பொம்பிளைக்கு இது சரிவராது என்று முதலில் சொன்னவர் எதிரே மீனுக்கு ஐஸ் விற்கும் மஹ்ரூப். அசனா கடையை மூடவில்லை. அந்தச் சொல்லை மறக்கவும் இல்லை.

அப்படியிருந்தும் ஒழுங்கை அவளை விட்டு விலக முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. கொழும்பிலிருந்து பார்சல் கொண்டுவரும் வான்காரர்களுக்கு இங்குள்ள வீட்டு இலக்கங்கள் பிடிபடுவதில்லை. ஒரே இலக்கத்தை இரண்டு மூன்று வீடுகள் வைத்திருந்தன. அதனால் யார் எதை ஒன்லைனில் வாங்கினாலும் அசனாவின் கடையைத்தான் முகவரியாகப் போடுவார்கள். பார்சல் எடுக்க வருகிறவர் ஒரு சார்ஜரோ மவுஸோ வாங்காமல் போவதில்லை. அவளுடைய வியாபாரத்தில் பாதி அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் காலை மஹ்ரூப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதப் பாருங்க. மகள் ஸல்ஹாக்குக் கெம்பஸுக்கு லெப்டொப் வேணுமே. நீங்க மூணு லட்சம் சொன்ன அதே சாமான். இவன் முப்பதாயிரம் போட்டிருக்கான்."

"கள்ளன் வேற என்னத்தப் போடுவான்?"

"பேர்போன கடையாமே."

"பேரக் களவெடுக்கிறது லேசு, மஹ்ரூப் காக்கா."

"சாமான் வந்த பொறகுதான் காசாம்."

"அப்ப பெட்டிக்குள்ள செங்கல் வரும். போங்க, எனக்கு வேல கிடக்கு."

"உங்கட சாமான் விக்காம கிடந்திடும் எண்டு பயப்புடுறீங்க."

"ஓம், நடுங்குறன். தெரியல்லையா?" என்றவள் நிமிராமல் ஒரு திருகாணியை இறுக்கினாள்.

அவர் போனதும் அந்தப் பக்கத்தைத் தன் போனில் திறந்தாள். அவளே முன்பு உதிரிப்பாகங்கள் வாங்கிய கொழும்புக் கடை. கள்ளக்கடை என்றால் எல்லாச் சாமானும் மலிவாகக் கிடக்கும். இங்கே மற்றவையெல்லாம் சரியான விலையில் இருந்தன. ஒன்றில் மட்டும் யாரோ அவசரக்காரன் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டான். ஐஸ் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. தன் பெயரில் ஓடர் போட்டுவிட்டுத் தூரிகையை எடுத்து, உப்புக்காற்றில் பச்சை பூத்த கொம்பியூட்டர்ப் பலகையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மஹ்ரூப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போன இடத்தில் விசாரித்தார். வந்தால் லாபம், வராவிட்டால் நட்டமில்லை என்றார்கள். அவர் ஓடர் போட்டார். கேள்விப்பட்ட ஒழுங்கையும் போட்டது. எல்லோரும் கொடுத்த முகவரி, கள்ளக்கடை என்று மஹ்ரூபை விரட்டிய அசனாவின் கடை.

மறுநாள் கொழும்புக் கடையிலிருந்து எல்லோருக்கும் ஒரே மெசேஜ் வந்தது. விலையில் பிழை நேர்ந்துவிட்டது, ஒரு முகவரிக்கு ஒன்று, முதலில் கிடைத்த ஓடரை மட்டும் அனுப்புவோம், மற்றவை ரத்து. யார் முதல் என்று அதில் இல்லை. ஆளாளுக்குத் தான்தான் முதல் என்று அசனாவின் வாசலில் நின்று கத்தினார்கள்.

பின்வீட்டில் டியூஷன் கொடுக்கும் கீர்த்தனி மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அசனா அக்கா, நீங்கள் ஒண்டும் போடேல்லைத்தானே?"

"கள்ளக்கடை எண்டு சொன்னதே நான்தானே."

வான் வந்தபோதும் அதே கூட்டம் நின்றது. வான்காரன் நுஸ்கி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அசனா, காசு எடுங்க" என்றான்.

எதிர்க்கடையிலிருந்து மஹ்ரூப் ஐஸ் உடைக்கும் இரும்பைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடியே வந்தார். வாயிலிருந்து மரியாதை கழன்றிருந்தது.

"எங்கட ஓடரெல்லாம் நீதான் நிப்பாட்டினியா?"

"நிப்பாட்டல்ல. முந்தினன்."

"செங்கல் வரும் எண்டியே."

"நம்பினீங்களா? நம்பியிருந்தா நீங்க ஓடர் போட்டிருக்கமாட்டீங்களே."

"அக்கா, கண்டுபிடிச்சவர் அவர்தானே. அதே காசுக்கு ஸல்ஹாவுக்குக் குடுங்கோ" என்றாள் கீர்த்தனி.

ஐஸ் கடை வாசலில் ஸல்ஹா நின்றாள். அசனாவின் கை ஒரு கணம் பெட்டியை முன்னே தள்ளவும் செய்தது. அப்போது மஹ்ரூப், "இதுக்குத்தான் பொம்பிளைக்கு யாவாரம் சரிவராது எண்டு அண்டைக்கே சொன்னனான்" என்றார். கை நின்றது.

"மூணு லட்சம். வேணுமெண்டா எடுங்க."

"உங்களுக்கு வெக்கமில்லையா அக்கா?" என்றாள் கீர்த்தனி.

"கடை திறந்தவளுக்கு என்ன வெக்கம்?"

நிலாவெளியில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் சொன்ன விலைக்கே அதை வாங்கிப் போனார். நல்ல லாபம். அதன்பிறகு ஒழுங்கைக்காரர் எவரும் அவளை ஏசவில்லை. ஏச ஒருவரும் வரவில்லை. பார்சல் முகவரியை ஐஸ் கடைக்கு மாற்றிக்கொண்டார்கள். வான் அந்தப் பக்கம் நின்றது. மஹ்ரூப் ஐஸ் பெட்டிக்கு மேலே சார்ஜர்களும் மவுஸ்களும் தொங்கவிட்டார்.

விடுதிக்காரர் திருத்தக் கொடுத்த இன்னொரு கொம்பியூட்டருக்குத் திரை வேண்டியிருந்தது. அசனா கொழும்புக்கு ஓடர் போட்டாள். முகவரி சரியாகத்தான் கொடுத்தாள். ஆனால் நுஸ்கி, ஒழுங்கைக்கு வரும் எல்லாவற்றையும் ஐஸ் கடையில் இறக்கிப் பழகியிருந்தான். போன் எடுத்துக் கேட்டபோது, "அங்கதான் குடுத்தன், போய் எடுங்களன்" என்றான்.

அவள் ஒழுங்கையைக் கடந்தாள். மஹ்ரூப் ஐஸை மூடியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, கைகளைச் சாரத்தில் துடைத்தார்.

"என்ன வேணும்?"

"என்ர பார்சல்."

"பேர்?"

அவரை அசனா உற்றுப் பார்த்தாள். உள்ளே கதிரையில் இருந்த ஸல்ஹா தலை நிமிர்த்தவில்லை.

"அசனா."

"எந்த அசனா?"

திரை வந்த பெட்டி அவருக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தது.

"ஐடென்டிடி காட்டினாத்தான் தர ஏலும்" என்றார் மஹ்ரூப். "ஆளாளுக்கு வந்து மத்தவங்கட சாமான எடுத்திட்டுப் போறாங்க."

அசனா அடையாள அட்டை எடுக்க வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.