மூடியைத் திறக்காத மூன்று நாட்கள்

கட்டம் போட்ட நோட்டு அது. கணக்குப் பாடத்தில் வரைபடம் போட வாங்குவார்களே, அந்த மாதிரி. கம்ப்யூட்டர் அறைக்குப் புதிதாக வந்த மேடம் அதில் பென்சிலால்தான் எழுதுவார். தேதி, நேரம், கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நின்றது, அன்றைக்கு அறையில் என்னென்ன நடந்தது என்று ஒரு கட்டம் விடாமல் நிரப்புவார். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

எண்பதுகளின் கடைசி. எழுமலையில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உசிலம்பட்டியில் ரேடியோ கடை, கொட்டாம்பட்டியில் லாரிப் பட்டறை, அப்புறம் பெயர் மறந்துபோன சில ஊர்கள் என்று சுற்றிவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் அட்டெண்டராக ஒதுங்கியிருந்தேன். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒரு மில்லில் உழைத்துக் களைத்து எங்களிடம் வந்து சேர்ந்தது. கூட்டுவது, ஏசியைப் போடுவது, செருப்போடு உள்ளே வருகிறவர்களை விரட்டுவது, இவைதான் என் வேலை.

யாருக்கும் தெரியாத இன்னொரு வேலையும் வைத்திருந்தேன். அந்தப் பழைய பெட்டிக்குள் ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகள் எல்லாம் பற்றவைக்கப்படாமல், பல் பல்லாகத் துளைகளில் செருகப்பட்டிருக்கும். பகல் சூட்டில் விரிந்து, ராத்திரி ஆறிச் சுருங்கி, நாளாக நாளாக மயிரிழை மயிரிழையாக மேலே எழும்பிவிடும். ரேடியோ கடையில் பார்த்த பழக்கத்தில், தினமும் காலையில் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திவிடுவேன். டிக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரு வருஷமாக நான் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடம் கே.கே. நகரிலிருந்து மொபெட்டில் வருவார். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். புரோகிராம் எழுதும் தற்காலிக வேலை. கணக்குத் துறைக்காரர்கள் தங்கள் கருத்தரங்கக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட நினைத்தார்கள். அந்தச் சூத்திரங்களைப் பார்த்ததும் ஊரில் இருந்த அச்சகங்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டன. எங்கிருந்தோ, அச்சுக்குப் பக்கம் கோக்கும் புரோகிராம் ஒன்றைப் பிளாப்பிகளில் வாங்கி வந்தார்கள். அது மனுஷன் படிக்கிற எழுத்திலேயே இருந்தது. எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மேடம்தான் அதைக் கம்பைல் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று துறைத் தலைவர் என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை வாசலில் வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, ஒன் பொட்டியப் பாத்துக்க புதுசா மருமக வந்துருச்சாம்ல? இனி ஒனக்கு வெளக்கமாறு மட்டுந்தானா?"

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். மறுநாள் செவ்வாய். காலையில் மூடியைத் திறக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன். படித்தவர் வந்துவிட்டார், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சித்திரை வெயில், ஏசியும் பேருக்குத்தான் ஓடியது. மதியம் இரண்டு மணிக்கு, பாதிக் கம்பைலில் கம்ப்யூட்டர் நின்றது. சின்னச் சின்ன வேலைகளில் கோளாறு வெளியே தெரியாது. நாலு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடினால்தான் சூடேறி ஐ.சி.யின் கால் துளையிலிருந்து நழுவும். நினைவகம் போதாதென்று புரோகிராமில் சில இடங்களை மேடம் சுருக்கியிருந்தார். கோளாறு அங்கேதான் என்று நினைத்துச் சாயங்காலம்வரை வரிவரியாகத் தேடினார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

புதனும் அப்படியே நின்றது, வேறு இடத்தில். வியாழனும் நின்றது, இன்னொரு இடத்தில். அன்று மதியம் மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தப்பு என் எழுத்துல இருந்தா ஒரே எடத்துலதான அண்ணே நிக்கணும்? இது எடம் மாறி மாறில நிக்கிது?"

அவர் நோட்டைப் பின்னால் புரட்டினார்.

"திங்கக்கெழம வரைக்கும் காலையில மூடியத் தொறந்து என்னமோ பண்ணுவீங்க. நான் குறிச்சு வச்சிருக்கேன். செவ்வாய்லருந்து பண்ணல. என்ன பண்ணுவீங்கண்ணே அதுல?"

ஏன் பண்ணவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்து மூடியைக் கழற்றி அழுத்திக் காட்டினேன். டிக், டிக், டிக். அவர் பக்கத்தில் குனிந்து, தானும் ஒன்றை அழுத்திப் பார்த்தார். குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் எனக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த கம்பைல் பன்னிரண்டுக்கு முடிந்தது. மூன்று மணிக்கு முதல் பக்கம் பிரிண்டரில் கரகரவென்று ஏறி வந்தது. சூத்திரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. துறைத் தலைவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். "மூணு நாளா என்னதாம்மா கோளாறு?"

"வெயில் சார்."

"வெயிலா?"

"ஆமா சார். அண்ணேதான் கண்டுபிடிச்சாங்க."

துறைத் தலைவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

திங்கட்கிழமை நான் வந்தபோது கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தினமும் காலையில் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, எல்லா ஐ.சி.களையும் கட்டைவிரலால் அழுத்தவும் என்று முத்து முத்தான கையெழுத்து. கீழே, கண்டறிந்தவர் என்று போட்டு என் முழுப் பெயர். எனக்கு முன்பே வாட்ச்மேன் அண்ணன் அதைப் படித்து, மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் அழுத்தி முடித்திருந்தார்.

"இம்புட்டுத்தானா மாப்ள?" என்றார். "இதுக்கா ஒரு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்ச?"

அந்த வாரமே கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மேடத்துக்கு வேலை நிரந்தரமானது என்று பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது பையன்கள் கம்ப்யூட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறார்கள். அழுத்திவிட அதற்குள் ஒன்றும் இல்லை. எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். என் திறமையென்று என் பெயரை எழுதி ஒட்டியது அந்த ஒரு சுவரில்தான். எழுதியது அவர் கை என்பதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.