எந்த பஸ்ஸு வரும்?

ராணியம்மாள் நின்றுகொண்டுதான் போன் பேசுகிறார். ஒரு வண்டி கிளம்பிவிட்டால், கூப்பிட்டவரே தன் வாயால் "வண்டி வந்துடுச்சு" என்று சொல்லும்வரை உட்கார மாட்டார். பாவமே என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும் சார்" என்று முழங்கையால் தள்ளிவிடுகிறார்.

ஜவ்வாது மலையில் ஒரு தாலுகா அலுவலகத்தின் உதவியாளர் அவர். மழைக்காலத்தில் அவசரக் கட்டுப்பாட்டு அறை அவர் பொறுப்பு. கட்டுப்பாட்டு அறை என்றதும் நான் பெரிய திரையெல்லாம் எதிர்பார்த்துப் போய் அசடு வழிந்தேன். பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு போன். சுவரில் தீயணைப்பு, வனத்துறை, நெடுஞ்சாலை, மின்வாரியம் என்று கொட்டை எழுத்தில் எண்கள். அவ்வளவுதான் அறை.

யார் கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி, "உங்க ஊருக்கு எந்த பஸ்ஸு வரும்?" ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது பஸ்ஸை விசாரிக்கிறாரே, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்றுதான் எனக்கும் தோன்றியது. விஷயம் இதுதான்: கடுக்காமரத்தூர் என்று மலையில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று போளூர் பக்கம், இந்தத் தாலுகாவிலேயே. இன்னொன்று அமிர்தி பக்கம், வேலூரைச் சேர்ந்தது. மாவட்டமே வேறு. இரண்டு ஊர்க்காரர்களும் உலகத்தில் தங்கள் ஊர் ஒன்றுதான் கடுக்காமரத்தூர் என்று பேசுவார்கள். பஸ்ஸைச் சொன்னால்தான் எந்த ஊர் என்று பிடிபடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அமிர்திப் பக்கத்திலிருந்து வந்த அழைப்புக்கு ராணியம்மாள் போளூர்ப் பக்கத்து ஊருக்கு வண்டி அனுப்பிவிட்டார். வண்டி ஊர் சேர்ந்ததாகத் தகவல் வந்ததும் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். சரியான ஊருக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது, இடிந்த சுவருக்கு அடியில் சடையன் என்பவரின் உயிர் போயிருந்தது. "நான் டீ குட்சினு இருந்தேன் சார்" என்றார் என்னிடம்.

போன வியாழன் மதியம், நான் அங்கே இருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரில் காற்றும் தண்ணீருமாக ஒரே இரைச்சல்.

"அக்கா, கடுக்காமரத்தூர்லேர்ந்து கோகுல்ராஜ். எம் பொஞ்சாதி பாஞ்சாலிக்கு வலி வந்துடுச்சு. ஓடையில தண்ணி பொரட்டி அடிக்குது, தாண்ட முடியல."

"எந்த பஸ்ஸுபா வரும்?"

"போளூர் பஸ்ஸுலதாங்க்கா வந்தேன்."

தாசில்தார் எழுந்துவிட்டார். "நம்ம ஊருதான்! வண்டிய எடுக்கச் சொல்லுங்க!" வாசலில் தீயணைப்பு வண்டி உறுமியது. ஒருவர் நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தினார். ராணியம்மாள் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"இரு சார். வரும்னு கேட்டேன், வந்தேன்னு சொல்றான்." போனைப் பார்த்துக் குனிந்தார். "எப்பபா வந்தே?"

"நேத்துக்கா. திருப்பூர்ல வேலை. அமிர்தி ரோடு ஒடஞ்சு போச்சுன்னு போளூர் வந்து, பஸ் எறங்கி மலை மேல நடந்தேன்."

"உன் எதுர்ல ஓடுதே தண்ணி, அது எங்க போயி உழுது?"

"அமிர்தி ஆத்துலதாங்க்கா."

தாசில்தார் பொத்தென்று உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் போயிருந்தால் அதே தப்பு, அதே ஊருக்கு!

"அக்கா," என்றான் அவன், குரல் உடைந்து. "சடையன் மாமாவுக்கு வராத மாதிரி வண்டி வராம பூடுமாக்கா?"

அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ராணியம்மாள் குனியவில்லை.

"அன்னிக்கு தப்பா அனுப்புனது நான்தாம்பா. இன்னிக்கு வரும். நீ அவ கையைப் புட்சினு இரு."

அதன்பின் அவர் பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்தான். வேலூர் கட்டுப்பாட்டு அறை, அவர்கள் வழியாகத் தீயணைப்பு, ரோடு உடைந்ததால் காட்டு வழியில் அடைத்த வனச்சாவடியைத் திறக்க வனத்துறை, அதே வழியில் அறுந்து கிடந்த மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்த மின்வாரியம், கடைசியில் ஆம்புலன்ஸ். ஐந்து பேரிடமும், "தண்ணி அமிர்திக்குப் போற கடுக்காமரத்தூர். திருப்பிச் சொல்லுங்க." ஒரு பெரிய அதிகாரி எரிந்து விழுந்தார். "திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார் இவர். அவரும் சொன்னார்!

ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டி சேர்ந்துவிட்டதாக வேலூரிலிருந்து தகவல் வந்தது. நாங்கள் கைதட்டினோம். யாரோ டீ நீட்டினார்கள். ராணியம்மாள் அதைத் தொடவில்லை, நாற்காலியையும் பார்க்கவில்லை. போனையே வெறித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடம்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார். ஸ்பீக்கரைப் போட மறந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பையன் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"அக்கா! வண்டி வந்துடுச்சுக்கா! கயிறு கட்டி தாண்டிட்டாங்க, பாஞ்சாலி ஆம்புலன்ஸ்ல கீது!"

ராணியம்மாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, ஒரு காலால் நாற்காலியைத் துழாவி இழுத்து, உட்கார்ந்தார்.